கத்தினால் மட்டும் சிரிப்பு வராது: சிட்காம் பாத்திரங்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் நடுவழியில் நின்றுவிட்டது. பேசில் ஃபால்ட்டி அதைக் கெஞ்சுகிறார், திட்டுகிறார், மூன்று வரை எண்ணி மிரட்டுகிறார். கார் அசையவில்லை. கோபமாக எங்கோ ஓடுகிறார். திரும்பி வரும்போது கையில் ஒரு மரக்கிளை. அதை வைத்துக் காரை விளாசித் தள்ளுகிறார்.

பிபிசி 2ல் 1975ல் வந்த 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் காட்சி இது. ஜான் கிளீஸும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதியது. 1975ல் ஆறு, 1979ல் ஆறு, மொத்தமே 12 எபிசோடுகள்தான். இங்கிலாந்தின் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்ன விடுதி நடத்துகிற இந்தப் பேசில், கஞ்சன், பந்தாக்காரர், பொய் சொல்பவர், ஏழையைக் கண்டால் எரிந்து விழுபவர். நிஜத்தில் இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தால் நாம் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவோம். திரையில் மட்டும் கண்ணை எடுக்க முடிவதில்லை.

இதைப் பார்த்துவிட்டுச் சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர், எழுத உட்காருபவர்கள் முதலில் செய்யும் தவறு, கெட்ட குணமே ஜோக் என்று நினைத்துக்கொள்வது. ஹீரோ எல்லோரையும் பார்த்துக் கத்துவார், அவமானப்படுத்துவார், அவ்வளவுதான். அப்படி எழுதிய ஸ்கிரிப்டைப் படித்தால் இரண்டாவது பக்கத்திலேயே களைப்பாக இருக்கும். பேசில் கத்துவதற்கு நாம் சிரிக்கவில்லை. அவர் ஏன் அந்த இடத்தில் வந்து மாட்டினார் என்பது நமக்கு அணு அணுவாகத் தெரியும், அதற்குத்தான் சிரிக்கிறோம்.

அந்தக் கார் காட்சிக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். கார் மக்கர் செய்கிறது, மெக்கானிக்கிடம் விடச் சொல்கிறார் மனைவி சிபில். காசு போய்விடுமே என்று பேசில் தானே நோண்டிப் பார்க்கிறார். பெரிய மனிதர்களுக்காக மட்டும் ஒரு விருந்து ஏற்பாடு செய்து, கண்டவர்கள் வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார். விருந்தன்று சமையல்காரர் குடித்துவிட்டுக் கிடக்கிறார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் கதை முடிந்தது. பேசிலின் கௌரவம் விடுமா? நண்பரின் உணவகத்திலிருந்து சமைத்த வாத்தை ரகசியமாக எடுத்து வருகிறார். முதல் வாத்து சமையலறைத் தரையில் விழுந்து நாசமாகிறது. இரண்டாவதை எடுத்து வரும்போதுதான் கார் நிற்கிறது. எப்படியோ விடுதிக்கு வந்து, விருந்தினர் முன்னால் மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது வாத்து இல்லை. க்ரீம் போட்ட ஒரு இனிப்பு! பாத்திரம் மாறிவிட்டது. பேசில் அந்த இனிப்புக்குள் கையை விட்டு வாத்தைத் தேடுகிறார்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, அதன் நேரடிப் படம் இது. கஞ்சத்தனம் காரை நிறுத்தியது, பந்தா வாத்தைத் தேட வைத்தது. விதி அவரை ஒன்றும் செய்யவில்லை. வெறும் துரதிர்ஷ்டத்தால் மாட்டிக்கொண்டிருந்தால் பாவம் என்றுதான் தோன்றும். இங்கே ஒவ்வொரு படியையும் அவரே கட்டி அவரே ஏறி விழுகிறார்.

அடுத்த தவறு, பாத்திரத்துக்குக் குணம் கொடுத்துவிட்டு ஆசை கொடுக்க மறப்பது. பேசிலுக்கு ஒரே ஆசை: உயர்குடியினர் தன்னைத் தங்களில் ஒருவராக நினைக்க வேண்டும். முதல் எபிசோடிலேயே இதை வைத்துவிட்டார்கள். மெல்பரி பிரபு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். அதுவரை விறைப்பாக இருந்த பேசில் அப்படியே குழைகிறார். சாதாரணப் பேச்சு வழக்கில் பேசும் இன்னொரு விருந்தாளியை மட்டமாக நடத்துகிறார். கடைசியில் பிரபு மோசடிக்காரர், அவர் ஒப்படைத்த பெட்டிக்குள் செங்கல். மட்டமாக நடத்தப்பட்டவர்தான் அந்த மோசடிக்காரரைப் பிடிக்க வந்த போலீஸ். பேசிலின் அலட்டல் நமக்குப் பிடிக்காது. ஆனால் பெரிய இடத்தில் மதிப்பு வேண்டும் என்ற ஏக்கம் யாருக்குத்தான் இல்லை? அந்தக் கயிறு ஒன்றால்தான் அவர் நம்மோடு கட்டப்பட்டிருக்கிறார். அதை அறுத்துவிட்டால் வெறும் முரடர்தான் மிஞ்சுவார்.

பொதுவான கெட்டவன் யாருக்கும் தேவையில்லை

சுயநலக்காரன் என்று ஒரு வரியில் எழுதிவிடுவது சுலபம். எந்த மாதிரி சுயநலம்? அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை ஓடிய 'சைன்ஃபெல்ட்' தொடரின் ஜார்ஜ் கோஸ்டான்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சுயநலம் அற்பத்திலும் அற்பம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போனால் இருப்பதிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த உறைகளின் மட்டமான பசையை நக்கி ஒட்டியே மணப்பெண் சூசன் இறந்துபோகிறார். இப்படி ஒரு முடிவை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்கு இன்றும் அந்த எபிசோட் கொஞ்சம் நெருடும். இருந்தாலும், ஜார்ஜின் கஞ்சத்தனத்துக்கு அதைவிடப் பொருத்தமான முடிவை என்னால் யோசிக்க முடியவில்லை.

இந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது? ஜார்ஜாக நடித்த ஜேசன் அலெக்ஸாண்டர் ஒருமுறை, இந்த மாதிரி யாருக்கும் நடக்காது, நடந்தாலும் யாரும் இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள் என்று எழுத்தாளர் லாரி டேவிட்டிடம் சொன்னாராம். இது எனக்கே நடந்தது, நான் இப்படித்தான் செய்தேன் என்று பதில் வந்தது. லாரி டேவிட் ஒரு காலத்தில் கோபத்தில் வேலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காதது போலத் திரும்ப ஆபீஸ் போய் உட்கார்ந்தவர். அதையும் ஜார்ஜ் கதையில் சேர்த்துவிட்டார். ஆகவே, அடுத்த வீட்டுக்காரரின் குறையைத் தேடுவதைவிட, நீங்கள் யாரிடமும் சொல்லாமல் மறைத்த அற்பத்தனத்தைத் தேடுங்கள். அதில்தான் விவரம் இருக்கும்.

திருத்துவதா, வேண்டாமா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கட்டிப்பிடிப்பதும் இல்லை, பாடம் கற்பதும் இல்லை என்பது சைன்ஃபெல்டின் எழுதாத சட்டம். எபிசோட் முடிவில் ஜார்ஜ் மனம் திருந்திக் கண் கலங்கினால் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. குறைதான் அந்த வண்டியின் எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு வண்டி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் 'தி ஆபீஸ்' தொடரின் அமெரிக்க வடிவத்தில் நடந்தது வேறு. 2005ல் வந்த முதல் சீசனில் ஆறே எபிசோடுகள். மேலாளர் மைக்கேல் ஸ்காட், பிரிட்டிஷ் மூலத்தின் டேவிட் பிரென்டைப் போலவே சங்கடப்படுத்துபவராக மட்டும் இருந்தார், பலருக்கு ஒட்டவில்லை. இரண்டாவது சீசனில் எழுத்தாளர்கள் அவரைக் கொஞ்சம் மாற்றினார்கள். அவரை நல்லவராக ஆக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அசட்டு ஜோக், சுயபுராணம் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு வாடிக்கையாளரோடு சாப்பிடப் போகும் எபிசோடில், உளறிக்கொண்டே இருந்த அதே மனிதர் பெரிய ஆர்டரைப் பிடித்துவிடுகிறார். ஓ, இவருக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும் என்று நமக்கு அப்போது புரிகிறது. குறையைக் குறைப்பது தவறு, குறைக்குப் பக்கத்தில் ஒரு திறமையையோ ஒரு காயத்தையோ வைப்பது தவறில்லை. பிரிட்டிஷ் பிரென்டுக்கு எழுத்தாளர்கள் வைத்தது காயம். ஆபீஸைச் சிரிக்க வைக்க நெருப்புக்கோழி வேஷம் போட்டுக்கொண்டிருக்கும் நாளில், அந்த வேஷத்திலேயே, வேலை போன செய்தியைக் கேட்கிறார்.

சுற்றி இருக்கும் எல்லோரையும் அதே அளவு கிறுக்காக எழுதுவதும் வேண்டாம். பேசிலுக்குப் பக்கத்தில் பாலி என்ற நிதானமான பணிப்பெண் இருப்பதால்தான் அவர் எவ்வளவு தூரம் தடம் புரண்டார் என்பதை அளக்க முடிகிறது.

அடி யார் மேல் விழுகிறது?

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, பார்ப்பவர்கள் தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடுவது. 1971ல் அமெரிக்காவில் 'ஆல் இன் த ஃபேமிலி' தொடங்கியது. வீட்டுத் தலைவர் ஆர்ச்சி பங்கர் இனவெறி பிடித்தவர். அந்த வெறியைக் கேலி செய்யத்தான் நார்மன் லியர் தொடரை உருவாக்கினார். 1974ல் நீல் விட்மர், மில்டன் ரோகீச் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பாரபட்சம் அதிகமுள்ள பார்வையாளர்கள் ஆர்ச்சியைத்தான் ரசித்தார்கள் என்று தெரிந்தது. கேலி என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, சரியாகச் சொன்னார் என்று கை தட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதியதும் இப்படிப் போய்ச் சேரலாம்.

முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. ஆனால் ஒரு சோதனை உண்டு: காட்சியின் கடைசி அடி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பேசில் ஸ்பானியப் பணியாளர் மானுவேலை அடிக்கும் காட்சிகளில் சில எனக்கு இன்று கசக்கின்றன. அங்கே அடி வாங்குபவர் எதுவும் செய்யாதவர். ஜெர்மன் விருந்தினர்கள் வரும் எபிசோட் வேறு மாதிரி. தலையில் அடிபட்ட பேசில், இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தானே அதைப் பற்றி மட்டும் பேசுகிறார், ஹிட்லர் மாதிரி நடந்தும் காட்டுகிறார். விருந்தினர்களில் ஒரு பெண் அழுதேவிடுகிறார். அவர்கள் பேசிலுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. எல்லாம் களேபரமாகி முடியும்போது, அந்த ஜெர்மானியர்களில் ஒருவர் திகைத்துப்போய் பிரிட்டிஷாரைப் பற்றிச் சொல்லும் வரியோடு எபிசோட் முடிகிறது: "இவர்கள் எப்படித்தான் ஜெயித்தார்கள்?"