கிறிஸ்துமஸ் புட்டிங்: நீர் புகாமல் கட்டி, பொறுமையாக அவிக்கும் முறை

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்தின் முடிவில், கருத்து மினுமினுப்பாகத் தட்டில் வந்து, பிராந்தி ஊற்றிக் கொளுத்தப்படும் பழப் புட்டிங்கை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் அதன் பொருள்பட்டியலைப் பார்த்தே மலைத்துவிடுகிறார்கள். உண்மையில் கலவை தயாரிப்பது அரைமணி நேர வேலைதான். கேக்குக்குச் செய்வதுபோல வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்க வேண்டியதில்லை. ஓவனின் சூட்டைக் கணிக்க வேண்டியதும் இல்லை. கிண்ணத்தின் வாயைக் கட்டுவதிலும், எட்டு மணி நேரம் ஆவி குறையாமல் பார்த்துக்கொள்வதிலும்தான் இதன் கைப்பக்குவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதால், அவ்விரண்டையும் விரித்து எழுதுகிறேன்.

எப்போது தொடங்குவது

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அதாவது நவம்பர் 20 முதல் 26 வரையிலான நாள்களுக்குள் வரும் ஞாயிறு, அங்கே புட்டிங் கிளறும் நாளாக இருந்துவருகிறது. குடும்பத்தினர் ஒவ்வொருவரும் மனத்தில் ஒன்றை வேண்டிக்கொண்டு, குழந்தை இயேசுவைக் காண வந்த கீழ்த்திசை ஞானிகளின் பயணத்தை நினைவுகூரும் வகையில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்று கிளறுவது மரபு. டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கினாலும் கெடுதல் இல்லை. ஆனால் முந்தைய நாள் செய்து மறுநாள் பரிமாறினால் மசாலாவும் மதுவும் தனித்தனியாக நாக்கில் தெரியும்.

பொருள்கள்

எட்டுப் பேருக்குப் போதுமான, 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கிண்ணத்துக்கான அளவு இது. கறுப்பு உலர்திராட்சை, சுல்தானா என்னும் பொன்னிற உலர்திராட்சை, கரன்ட் என்னும் பொடியான உலர்திராட்சை ஆகியவற்றில் ஒவ்வொன்றும் 125 கிராம். சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 40 கிராம். நறுக்கிய பாதாம் 30 கிராம். துருவிய சிறிய ஆப்பிள் ஒன்று. ஓர் ஆரஞ்சின் தோல் துருவலும் இரண்டு மேசைக்கரண்டி சாறும். கின்னஸ் போன்ற கறுப்பு பீர் 75 மில்லி. பிராந்தி 40 மில்லி. இவற்றுடன் கருஞ்சர்க்கரை 150 கிராம், ட்ரீக்கிள் என்னும் கரும்புப் பாகு ஒரு மேசைக்கரண்டி, மைதா 50 கிராம், ரொட்டித் துருவல் 90 கிராம், சூயெட் 90 கிராம், முட்டை இரண்டு, பட்டைத் தூள் ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் அரைத் தேக்கரண்டி, கிராம்பும் சுக்கும் ஒவ்வொரு சிட்டிகை.

பட்டை என்றால் இலங்கைப் பட்டைதான் வாங்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேசியா என்னும் தடித்த பட்டை வகையின் காரம் பழங்களின் மணத்தை அமுக்கிவிடும். 1927-இல் பிரிட்டனில் பேரரசின் விளைபொருள்களை விற்பனை செய்வதற்காகப் பரப்பப்பட்ட ‘எம்பயர் புட்டிங்’ செய்முறையிலும் பட்டைக்கு இந்தியா அல்லது இலங்கை என்றும், கிராம்புக்குச் சான்சிபார் என்றும் ஊர்ப்பெயர் குறிக்கப்பட்டிருந்தது. ரொட்டித் துருவலைப் பொறுத்தவரை, வறுத்துப் பொட்டலமிட்டு விற்கும் தூள் இதற்கு உதவாது. ஒருநாள் பழைய வெள்ளை ரொட்டியை மிக்ஸியில் ஓரிரு சுற்று ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சூயெட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு. வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் அது உருகும் என்பதால், சுற்றியுள்ள மாவு இறுகத் தொடங்கிய பிறகே கரைந்து, நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. கனமான கலவையாக இருந்தும் புட்டிங் களியாகிவிடாமல் இருப்பதற்கு அதுவே காரணம். மாட்டுக்கொழுப்பு வேண்டாதவர்கள் தாவரக் கொழுப்பில் செய்த சூயெட்டை வாங்கலாம். அதுவும் கிடைக்காத ஊரில், உறையவைத்த வெண்ணெயைத் துருவி, உருகும் முன் மாவில் புரட்டிச் சேர்க்கலாம். நெய் மட்டும் வேண்டாம். கலக்கும்போதே இளகி மாவில் ஊறிவிடும்.

கலப்பது

உலர்பழங்கள், பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், ஆரஞ்சின் தோல் துருவல், சாறு, பீர், பிராந்தி எல்லாவற்றையும் ஒன்றாக இரவு முழுவதும் மூடி ஊறவையுங்கள். காலையில் மற்ற பொருள்களைச் சேர்த்து, கடைசியாக அடித்த முட்டையை ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியில் எடுத்துத் தட்டினால் தயங்கி விழும் பதம் சரியானது.

கட்டுவது

கிண்ணம் விளிம்புள்ள பீங்கானாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மூடியுடன் வரும் பிளாஸ்டிக் கிண்ணம் எளிது என்றாலும், பீங்கான் சூட்டைச் சீராக வாங்கும், நூல் நழுவாமல் பிடித்துக்கொள்ள அதன் விளிம்பும் உதவும். உட்புறம் வெண்ணெய் தடவி, அடியில் ஒரு வட்ட பேக்கிங் பேப்பரை இட்டு, மேலே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கலவையை நிரப்புங்கள். அதன்மேல் நேரடியாகப் படும்படி இன்னொரு வட்டத் தாளை வையுங்கள்.

அடுத்து, பெரிய பேக்கிங் பேப்பரையும் அலுமினியத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சேலைக் கொசுவத்தைப்போல மூன்று சென்டிமீட்டர் மடிப்பு ஒன்று எடுத்து, அலுமினியம் வெளிப்பக்கம் வருமாறு கிண்ணத்தை மூடுங்கள். புட்டிங் உப்பும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். மடிப்பு இல்லையென்றால் தாள் கிழியும். பருத்தி நூலை விளிம்பின் அடியில் இருமுறை சுற்றி, முதல் முடிச்சில் நுனியை ஒருமுறைக்கு இருமுறை உள்ளே விட்டு இறுக்கினால், இரண்டாம் முடிச்சு போடும்வரை அது தளராது; உங்கள் முடிச்சை விரலால் அழுத்திப் பிடிக்க இன்னொருவர் தேவைப்படாது. நைலான் கயிறு ஆகாது. எதிரெதிர்ப் பக்கங்களை இணைத்து ஒரு கைப்பிடியும் கட்டிவிடுங்கள்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நூலுக்குக் கீழே பாவாடையைப்போல் தொங்கும் தாளை ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் விட்டு வெட்டியெறிய வேண்டும். தொங்கும் காகித நுனி கொதிநீரைத் தொட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை மேலே இழுத்துச் சென்று, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் புட்டிங்கின் மேற்பரப்பைக் குழைத்துவிடும். எஞ்சிய காகித விளிம்பின்மேல் அலுமினியத்தை உட்புறமாக மடித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

அவிப்பது

மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஆழமான பாத்திரம் ஒன்று போதும். கிண்ணம் உள்ளே நின்று மூடியும் பொருந்துமானால் பெரிய இட்லிப் பானையே சிறந்தது. அடியில் கவிழ்த்த சிறு தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் கிண்ணத்தை இறக்கி, பாதி உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றி, மெல்லிய கொதியில் எட்டு மணி நேரம் அவியுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீரைப் பார்த்துக் கெட்டிலில் கொதிக்கவைத்த நீரையே சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கும், பீங்கானும் விரிசல் விடலாம். பாத்திரத்தில் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டைப் போட்டுவிட்டால் கொதிக்கும்வரை கடகடவென்று ஒலிக்கும். சத்தம் நின்றால் உடனே எழுந்துபோய்ப் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்திலேயே கலவை வெந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அது வெளிறிய பழுப்பில்தான் இருக்கும். கருநிறமும் ஆழ்ந்த சுவையும், சர்க்கரையும் மாவும் முட்டையும் நீண்ட சூட்டில் மெதுவாக மாறுவதால் வருபவை. கருஞ்சர்க்கரையைக் கூட்டிப் போட்டு அந்த நேரத்தை ஈடுகட்ட முடியாது.

முழுவதும் ஆறியபின் பழைய தாள்களை அகற்றிப் புதியவற்றைக் கட்டி, குளிர்ந்த இருண்ட இடத்தில் வையுங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற புழுக்கமான ஊர்களில் குளிர்சாதனப் பெட்டிதான் பாதுகாப்பு.

கிறிஸ்துமஸ் அன்று

மீண்டும் இரண்டு மணி நேரம் அவித்து, ஓரத்தைக் கத்தியால் விலக்கித் தட்டில் கவிழுங்கள். நான்கு மேசைக்கரண்டி பிராந்தியைச் சிறு கரண்டியில் இளஞ்சூடாக்கி, தீக்குச்சியால் கொளுத்தி, புட்டிங்கின்மேல் ஊற்றுங்கள். குளிர்ந்த பிராந்தியிலிருந்து போதிய ஆவி எழாது என்பதால் அது எளிதில் பற்றாது. புட்டியிலிருந்து நேராக ஊற்றவே கூடாது. தீ புட்டிக்குள் தாவும். அலங்காரத்துக்கு வைக்கும் ஹாலி என்னும் முள்ளிலைச் செடியின் கொப்பைத் தீ அணைந்த பிறகு செருகுங்கள். அதன் சிவப்புப் பழங்கள் நச்சுத்தன்மை உள்ளவை என்பதைக் குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பிரஷர் குக்கரில் நேரத்தைக் குறைக்கலாமா என்பதே அதிகம் வந்த கேள்வி. வெயிட் போட்டு நெடுநேரம் விட்டால் உள்ளே நீர் எவ்வளவு மிச்சம் என்று திறந்து பார்க்க வழியில்லை. எனவே வெயிட் இல்லாமல், வெறும் ஆழமான பாத்திரமாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மதுவைத் தவிர்ப்பவர்கள் அதே அளவு ஆரஞ்சுச் சாறும் திடமான பால் கலக்காத தேநீரும் சேர்க்கலாம். ஆனால் வாரக்கணக்கில் வெளியே வைக்க முடியாது. ஆறியதும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

நாணயம் புதைக்கும் வழக்கம் பற்றிச் சிலர் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்து ஆறு பென்ஸ் நாணயம் 1920-க்கு முன் 92.5 விழுக்காடு வெள்ளி. 1947 முதல் அது செம்பு-நிக்கல் ஆயிற்று. இன்றைய சில்லறையைக் கலவைக்குள் வைத்து அவிக்காதீர்கள். வேண்டுமானால் பரிமாறும்போது, பேப்பரில் சுற்றி ஒரு துண்டின் அடியில் செருகிவிட்டு, மென்று பார்க்கச் சொல்லி எல்லோரையும் எச்சரியுங்கள். மீந்த துண்டுகளை மைக்ரோவேவில் வைப்பதற்கு முன் நாணயமும் அலுமினியத் தாளும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அரை நிமிடத்துக்குமேல் விடாமல் சூடாக்குங்கள். இதிலுள்ள சர்க்கரை விரைவில் கருகிவிடும். தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இருபுறமும் வாட்டி எடுப்பது அதைவிட நல்லது.