கூப்பனின் பொடி எழுத்தை எங்கிருந்து படிப்பது

முன்பக்கத்துப் பெரிய சதவீதத்தை விடுங்கள். பின்பக்கத்தில் 'பொருந்தாது' என்ற சொல்லைத் தேடுங்கள். பெரும்பாலும் வாசனைத் திரவியம், அழகுசாதனம், எலக்ட்ரானிக்ஸ், பரிசு அட்டை, பெரிய பிராண்டுகள் எல்லாம் அங்கேதான் கழன்றுகொள்ளும். நீங்கள் வாங்கப்போவது அதில் இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அடுத்து, கூப்பன் செல்ல வாங்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை. ஏமாற்றம் அதிகம் வருவது இதில்தான். பல கடைகளில் மற்ற தள்ளுபடிகள் கழிந்த பிறகு, வரி சேர்க்காமல்தான் அதைக் கணக்கிடுவார்கள். வரம்பு 1,000 என்றால், 30% தள்ளுபடியில் உள்ள 1,200 விலைப் பொருள் 840 ஆகிவிடும், கூப்பன் செல்லாது. விலக்கப்பட்ட பொருளின் விலையும் வரம்புக்குள் சேராமல் போகலாம்.

கடைத் தள்ளுபடியும் கூப்பனும் சேரும் என்றாலும் 30%, 20% கூடி 50% ஆகாது. மீதி விலையில்தான் இரண்டாவது கழியும்: மொத்தம் 44%.

'உச்சவரம்பு' (அதிகபட்சம் எவ்வளவு கழிப்பார்கள்), கடைசித் தேதி இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால், கழிவு போகக் கட்டிய தொகைதான் வரும். மீதிப் பொருட்கள் வரம்புக்குக் கீழே இறங்கினால், சில கடைகள் கழிவையே திரும்பப் பிடித்துக்கொள்ளும். சந்தேகமான பொருளைத் தனி பில்லில் போடச் சொல்லுங்கள்.