எதிர்த்தரப்பைத் தேடிப் படிப்பதும் எதிரே உட்கார்ந்து பேசுவதும்

அரசியல் பேச்சு எடுத்த பத்தாவது நிமிடத்தில் வழக்கமாக ஒன்று நடக்கும். எதிரில் இருப்பவர் சொன்னதை விட்டுவிட்டு, அவருடைய ஆட்கள் சொல்வதாக நாம் நினைத்து வைத்திருப்பதற்குப் பதில் சொல்ல ஆரம்பிப்போம். அவரும் அதையேதான் செய்வார். அதன் பிறகு நடப்பது, அங்கே இல்லாத இரண்டு பேரின் சண்டை.

இதைத் தவிர்க்கும் வேலை பேச்சுக்கு முன்பே தொடங்குகிறது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சின்னதாக. ‘தேர்தல் முறையே சரியில்லை’ என்பது புலம்பல். ‘வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கலாமா?’ என்பது கேள்வி. ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் எதிர்த்தரப்பின் வலுவான மூன்று வாதங்களை முதலில் எழுதுங்கள். பழைய சாத்திர நூல்களில் இதற்குப் பெயரே உண்டு: எதிராளியின் கொள்கையை எடுத்துவைக்கும் பரபக்கம் முதலில், தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பிறகு. மூன்று வாதங்கள் தேறவில்லையா? இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது, பேசப் போகாதீர்கள்.

எதைப் படிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் பக்கத்து ஆள் ‘அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று சுருக்கித் தருவது உதவாது. முப்பது விநாடி வீடியோத் துண்டும் அப்படித்தான். எதிர்த்தரப்புக் கணக்குகளைப் பின்தொடர்ந்தால் போதும் என்பதும் ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் ட்விட்டர் பயனர்களுக்குப் பணம் கொடுத்து, மறுதரப்புத் தலைவர்கள், ஊடகங்களின் பதிவுகளைப் பகிரும் கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பைவிடத் தங்கள் பக்கமே இன்னும் சாய்ந்தார்கள். தலைவர்களின் பதிவு சொந்தக் கூட்டத்தின் கைத்தட்டலுக்காக எழுதப்படுவது. வெளியாளுக்கு அது குத்தலாகத்தானே படும்? அதனால் நீளமான கட்டுரையாகத் தேடுங்கள். ஒரே எழுத்தாளருடையதாக இரண்டு மூன்று படித்தால் அவர் எங்கிருந்து பேசுகிறார் என்பது பிடிபடும். கூடவே சட்ட மசோதாவையோ தீர்ப்பையோ மூலத்திலேயே பாருங்கள்.

படிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 1979-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இருவருக்கும் ஒரே ஜோடி ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று சாதகம், ஒன்று பாதகம். பிடிக்காத ஆய்வில் மட்டும் ஓட்டை கண்டுபிடித்து, இரு தரப்பும் முன்பைவிட உறுதியானது. 1984-ல் தொடர்ந்த ஆய்வில், ‘நடுநிலையாகப் படியுங்கள்’ என்று சொன்னது பலிக்கவில்லை. ‘இதே ஆய்வு நேரெதிரான முடிவைத் தந்திருந்தால் இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா?’ என்று கேட்டது பலித்தது. இந்தக் கேள்வியைத் தாளின் தலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பேச்சு. பார்வையாளர் இல்லாத இடமாக இருக்கட்டும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பின்வாங்க மாட்டார்கள். அவர் சொல்கிறார்: “கட்டாயமாக்கினால் அபராதத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டு வருவார்கள்.” வாயில் முதலில் வருவது “அப்படியானால் படிக்காதவன் ஓட்டுப் போடக்கூடாது என்கிறீர்களா?” என்பதாக இருக்கும். விழுங்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக: “விவரம் தெரியாமல் போடும் ஓட்டு கூடினால் முடிவு கெடும் என்கிறீர்கள். சரியாகப் புரிந்துகொண்டேனா?”

“பாதி சரி. போடாமல் இருப்பதும் என் உரிமை. எனக்கு அதுதான் முக்கியம்.”

அந்தப் ‘பாதி சரி’க்காகத்தான் இவ்வளவு பாடும். ஆஸ்திரேலியா 1924-ல் வாக்களிப்பைக் கட்டாயமாக்கியது. 1922 தேர்தலில் 60 சதவீதத்தைத் தொடாத வாக்குப்பதிவு 1925-ல் 91-ஐத் தாண்டியது. இந்தக் கணக்கைச் சொல்லி மடக்கலாம் என்று வந்திருந்தால், அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உரிமை பற்றிப் பேசுபவருக்கு அது பதிலே இல்லை.

அடுத்து, ‘ஏன்’ என்பதைவிட ‘எப்படி’ என்று கேளுங்கள். ‘ஏன்’ என்றால் மனப்பாடமான காரணங்கள் வரிசையாக வரும். ஒரு திட்டம் படிப்படியாக எப்படி வேலை செய்யும் என்று விளக்கச் சொன்னபோது, தங்களுக்குப் புரிந்திருப்பது நினைத்ததைவிடக் குறைவுதான் என்று மக்கள் உணர்ந்ததை 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் வக்கீல் குறுக்கு விசாரணை போல இதைக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. அபராதத்தை யார் வசூலிப்பது, நோயாளிக்கு விலக்கு யார் தருவது என்று உங்கள் நிலைப்பாட்டை நீங்களே முதலில் விளக்கிப் பாருங்கள். தடுமாறினால் தடுமாறியதாகவே சொல்லுங்கள்.

‘உங்கள் ஆட்சியில் மட்டும் என்ன வாழ்ந்தது?’ என்று யார் தொடங்கினாலும் பேச்சு தடம் புரளும். “அது தனிக் கேள்வி, இது முடியட்டும்” என்றால் போதும். மரியாதை என்பதற்காகப் பாதி வழி இறங்கி வரவும் வேண்டியதில்லை. பேசி முடித்தும் உங்கள் கருத்து அப்படியே இருக்கலாம். ஆளைத் திட்டும் கட்டம் வந்துவிட்டால் நிறுத்துங்கள். “உரிமை விஷயத்தில் நிற்கிறோம், இன்னொரு நாள் பார்ப்போம்” என்று நின்ற இடத்தைச் சொல்லிவிட்டு எழுந்தால், அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கலாம்.

வீடு திரும்பியதும் தாளை எடுங்கள். அவர் சொல்லவே சொல்லாத வாதம் இடப்பக்கத்தில் இருந்தால் அடித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.