சுழலாத 4 டிபி டிஸ்க்

ஹட்டனில் மாமாவின் ஸ்டூடியோ கணினியில் கல்யாண வீடியோக்களைப் போட்டு வைக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, சர்வர்களுக்கென்று வரும் வகை, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினோம். பழைய பவர் சப்ளையில் மாட்டினால் காதை வைத்துக் கேட்டாலும் சத்தமே இல்லை. "டிஸ்க் செத்துப்போச்சு மருமகனே" என்றார் மாமா.

சாகவில்லை. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா முறையின் 3.3 பதிப்பு வந்தபிறகு இந்த மாதிரி டிஸ்க்குகளில் பவர் இணைப்பின் மூன்றாவது பின்னுக்கு (முள்ளுக்கு) வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் தன்னை நிறுத்தி வைத்துக்கொள்ளும். பழைய பவர் சப்ளையோ அங்கே எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், பிறகு எப்படிச் சுழலும்?

பவர் சப்ளையில் இருக்கும் பழைய வகை நாலு முள் இணைப்பான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் போட்டேன். மோலெக்ஸில் 5, 12 வோல்ட் மட்டும்தான். உடனே உறுமியது. (பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த தலையுள்ள வயர் வேண்டாம், அது சூடாகி எரிந்த கதைகள் நிறைய.) அந்தப் பின்னில் டேப் ஒட்டுபவர்களும் உண்டு, எனக்கு அந்த நோண்டல் பிடிக்காது.

அப்புறம் விண்டோஸ் 2048 ஜிபி மட்டும் தந்தது, மீதி 1678 கறுப்புப் பட்டையாக நின்றது. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறை 512 பைட் செக்டர்களை (டிஸ்க்கின் சிறு துண்டுகளை) 32 பிட்டில் எண்ணுவதால் அதற்கு மேல் போகாது. டிஸ்க் காலிதானே, புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றினேன், முழு 3726 ஜிபியும் வந்தது (விண்டோஸ் கணக்கில் 4 டிபி என்பது இவ்வளவுதான்). கணினியைத் தொடங்கி வைக்கும் பயாஸ் பழசுதான், ஆனால் விண்டோஸ் வேறு டிஸ்க்கில் இருப்பதால் சரி; இதிலிருந்தே விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள மதர்போர்டு வேண்டும்.