ஜெர்மனில படிக்கிறீங்களா? கம்மி காசுல முதல் டிரிப் போறது எப்படி

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இருந்து மாஸ்டர்ஸ் படிக்க நிறைய பசங்க ஜெர்மனி வந்துகினு இருக்காங்க, வந்து செட்டில் ஆன உடனே கேக்குற முதல் கேள்வி "அண்ணா, ஊர் சுத்த எவ்ளோ ஆவும்?" பிளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக முன்னாடியே போட்டு வெச்ச நம்ம காசு, மாசா மாசம் தான் எடுக்க முடியும்) இருந்து மாசம் 992 யூரோ வருது, ரூம் வாடகையும் இன்சூரன்ஸும் போனா மிச்சம் இன்னான்னு உங்களுக்கே தெரியும். அதனால டைம் கூட ஆனாலும் பரவால்ல, காசு மிச்சம் ஆவணும்னு நினைக்கிறவங்களுக்கு தான் இது. அவசரக்காரங்களுக்கு செட் ஆவாது.

படி 1: பேப்பர பாருங்க

பாஸ்போர்ட் ஒரிஜினல், கூடவே விசா ஸ்டிக்கரோ ரெசிடென்ஸ் பர்மிட் கார்டோ, ரெண்டும் பையில இருக்கணும். போன்ல போட்டோ இருக்குது ப்ரோன்னு சொல்லாதீங்க, 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனி எல்லா தரை பார்டர்லயும் செக்கிங் போட்டுது, நடுராத்திரி பஸ்ஸ நிறுத்தி போலீஸ் ஏறும்போது போட்டோவ காட்டினா வேலைக்காவாது.

இந்த பர்மிட்ட வெச்சு மத்த ஷெங்கன் நாடுங்களுக்கு (ஒரே விசால சுத்துற ஐரோப்பா நாடுங்க) தனி விசா இல்லாம போலாம், ஆனா எந்த 180 நாள எடுத்துகினாலும் அதுல 90 நாள் தான். ஜெர்மனிக்குள்ள இருக்குற நாள் இதுல சேராது. லண்டன், டப்ளின் ரெண்டும் இந்த கணக்குலயே வராது, அதுக்கு தனியா விசா வாங்கணும். கார்ட ரினிவலுக்கு குடுத்துட்டு கையில வெறும் பேப்பர் மட்டும் இருந்தா, பர்மிட் குடுக்குற ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் பார்டர் தாண்டுங்க, அதுவரைக்கும் ஜெர்மனிக்குள்ளயே சுத்த எவ்ளோவோ இருக்குது.

படி 2: டிக்கெட்

இங்க தான் காசு மிச்சமாவுற இடம், பொறுமையா படிங்க.

டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்குது. 2023 மே மாசம் 49 யூரோன்னு ஆரம்பிச்சாங்க, 2025ல 58 ஆச்சு, 2026ல 63. மாசம் பூரா நாடு முழுக்க லோக்கல் பஸ், டிராம், மெட்ரோ, ஆர்இ, ஆர்பி (ரீஜினல் ட்ரெயினுங்க), எஸ்-பான் (புறநகர் ட்ரெயின்) எல்லாத்துலயும் ஏறலாம். தனியா வாங்குறதுக்கு முன்னாடி உங்க யூனிவர்சிட்டி செமஸ்டர் ஃபீஸ்லயே இது சேர்ந்து இருக்குதான்னு பாருங்க, நிறைய இடத்துல ஸ்டூடன்ட்டுக்கு கம்மி ரேட்ல குடுக்குறாங்க. தனியா எடுத்தா அது சப்ஸ்கிரிப்ஷன், வேணாம்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், இல்லனா அடுத்த மாச காசும் போவும்.

ஐசிஇ, ஐசி, இசின்னு ஓடுற தூரத்து எக்ஸ்பிரஸ் ட்ரெயின் மூணுலயும் இது செல்லாது. காட்பாடில இருந்து சென்னைக்கு பாசஞ்சர் டிக்கெட் எடுத்துட்டு சதாப்தில ஏறி உக்காந்தா இன்னா ஆவும்? அதே கதை தான். ட்ரெயின் ஆப்ல ரூட் தேடும்போது லோக்கல் ட்ரெயின் மட்டும் காட்டுற ஃபில்டர ஆன் பண்ணி வெச்சுகுங்க. பார்டர் தாண்டி ஆஸ்திரியால இருக்குற சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் இந்த டிக்கெட் செல்லும், முதல் வெளிநாட்டு டிரிப்புக்கு என் ஓட்டு அதுக்கு தான் (பாஸ்போர்ட் மறக்காதீங்க!).

படி 3: சரியான பெட்டில ஏறுங்க

சிரிக்காதீங்க, புதுசா வர்றவங்க நிறைய பேர் மாட்டுறது இதுல தான். சில ட்ரெயினுங்க நடு வழியில ரெண்டா பிரிஞ்சு வேற வேற ஊருக்கு போவும். ம்யூனிக்ல இருந்து டேகர்ன்ஸே ஏரிக்கு போற ட்ரெயின் அப்படித்தான், ஹோல்ஸ்கிர்ஷன்ல ஒரு பகுதி கழண்டு வேற பக்கம் போயிடும். எந்த பகுதி எந்த ஊருன்னு பிளாட்பாரம் போர்டுல ஏ, பி, சி-ன்னு எழுத்தோட போட்டிருப்பான், பெட்டி பக்கத்துல இருக்குற டிஸ்ப்ளேலயும் ஊர் பேர் ஓடும், ஏறுறதுக்கு முன்னாடி பாருங்க, ஏறினப்புறம் பக்கத்துல இருக்குற பாட்டிகிட்டயும் ஒரு வாட்டி கேட்டுகுங்க.

மாத்தி ஏற வேண்டிய ஸ்டேஷன்ல 5 நிமிஷம் தான் கேப்னு ஆப் காட்டினா நம்பாதீங்க. ஜெர்மன்காரன் டைம்னா டைம்னு ஊர்ல சொல்லுவாங்களே, அவங்க யாரும் இங்க ட்ரெயின்ல போனதில்ல. 20 நிமிஷமாவது விட்டு பிளான் பண்ணுங்க.

படி 4: சாப்பாடு, தங்குறது

ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடிருக்கும், பெரிய ஸ்டேஷன் கடைங்க தான் கதி, ரேட்டும் ஜாஸ்தி. சனிக்கிழமையே வாங்கிடுங்க, இல்லனா புளி சாதம் கட்டிகினு போங்க. தண்ணிக்கு காசு குடுக்காதீங்க, குழாய் தண்ணிய அப்படியே குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினா அதுல 25 சென்ட் டெபாசிட், சூப்பர் மார்க்கெட் மிஷின்ல போட்டா திரும்ப வந்துடும்.

ஊர்ல இருந்து வரும்போது ஆற்காடு மக்கன் பேடா கொண்டு வரேன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, வெளியில இருந்து பால், கறி ஐட்டம் எதுவும் ஐரோப்பாக்குள்ள கொண்டு வர கூடாது, ஏர்போர்ட்டுல புடுங்கிடுவான். பருப்பு பொடி ஓகே.

தங்குறதுக்கு டூரிஸ்ட் ஹாஸ்டல்ல டார்ம் (நிறைய பேர் சேர்ந்து படுக்குற ரூம்) போதும். பூட்டும் துண்டும் நீங்களே எடுத்துகினு போங்க.

படி 5: வீட்டுக்கு சொல்லிடுங்க

வெயில் காலத்துல நமக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்ல நாலரை. நீங்க நைட்டு எட்டு மணிக்கு ரூமுக்கு போய் "ரீச் ஆயிட்டேன்மா"ன்னு சொன்னா அங்க பதினொன்றரை, அதுவரைக்கும் அம்மா தூங்க மாட்டாங்க. காலையில கிளம்பும்போதே ட்ரெயின் லேட்டாவும்னு சொல்லி வெச்சுடுங்க, எப்படியும் ஆவும்.