உபுண்டுவில் நம்பை நிறுவலாம், சிஸ்டம் பைத்தானைத் தொடாமல்

நம்பை என்பது எண் வரிசைகளை வைத்து வேகமாகக் கணக்குப் போட உதவும் பைத்தான் லைப்ரரி. அதை நிறுவுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே வரிதான் பதில்: பிப் இன்ஸ்டால் நம்பை. (பிப் என்பது பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி.) உபுண்டு 23.04 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதை அப்படியே தட்டினால் 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று ஒரு நீள எரர் வந்து விழும். தப்பு உங்கள் மேல் இல்லை. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் சிஸ்டத்தோடு வரும் பைத்தானில்தான் ஓடுகின்றன, அங்கே நாம் பிப்பை வைத்து எதையாவது மாற்றினால் ஆப்ட் (உபுண்டுவின் சொந்த நிறுவல் கருவி) போட்டு வைத்திருப்பதோடு மோதும், அதனால் பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டை மீற ஒரு ஆப்ஷனும் அந்த எரரிலேயே இருக்கும். அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

சரி, நேர்வழி. ஒவ்வொரு வேலைக்கும் தனி பைத்தான் சூழல், அதாவது சிஸ்டம் பைத்தானைத் தொடாமல் லைப்ரரிகளைப் போட்டு வைக்க ஒரு தனி ஃபோல்டர். (கமாண்டுகளைத் தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.)

முதலில் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்'. வென்வ் என்பது வி, இ, என், வி. இது ஒரு தடவை செய்தால் போதும். அடுத்து உங்கள் வேலைக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் போய்:

பைத்தான்3 -எம் வென்வ் என்வ்

கடைசிச் சொல் சூழலின் பெயர், அதாவது இ, என், வி. அப்புறம் அதை உயிர்ப்பிக்க:

சோர்ஸ் என்வ்/பின்/ஆக்டிவேட்

டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்வ் என்று வந்துவிட்டதா? அதைப் பார்த்த பிறகுதான் 'பிப் இன்ஸ்டால் நம்பை'. டெர்மினலை மூடித் திறந்தால் அந்த அடைப்புக்குறி போய்விடும், மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். 'நேற்று ஓடியது, இன்று மாட்யூலே இல்லை என்கிறது' என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் இதை மறந்தவர்கள்தான்.

வந்துவிட்டதா என்று பார்க்க 'பைத்தான்' என்று தட்டி உள்ளே போய் இந்த இரண்டு வரி:

இம்போர்ட் நம்பை ஆஸ் என்பி
என்பி.அரேஞ்ச்(6).ரீஷேப்(2, 3)

மேலே 0, 1, 2, கீழே 3, 4, 5 என்று இரண்டு வரிசை வந்தால் முடிந்தது. அரேஞ்சில் ஒரே ஒரு 'ஆர்'தான், இரண்டு போட்டால் எரர். இன்னொன்று, சோதித்துப் பார்க்கும் ஃபைலுக்கு நம்பை.பிஒய் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். பைத்தான் உண்மையான நம்பையை விட்டுவிட்டு என் ஃபைலையே இம்போர்ட் செய்துகொண்டு, 'நம்பையில் அரேஞ்ச் என்று ஒன்றும் இல்லை' என்றது, நானும் மூன்று முறை நம்பையை அழித்து அழித்து நிறுவினேன்.

பதிப்பு விஷயத்தில் கொஞ்சம் கவனம். 2006இல் 1.0 வந்த பிறகு 2024 ஜூனில்தான் 2.0 வந்தது, அதில் உள்கட்டமைப்பையும் மாற்றிவிட்டார்கள். பழைய 1.எக்ஸுக்காக கம்பைல் செய்த லைப்ரரி எதையாவது கூடவே பயன்படுத்தினால் 'நம்பை 1.எக்ஸில் கம்பைல் ஆனது, இங்கே ஓடாது' என்ற பொருளில் எரர் வரும். அந்த லைப்ரரிக்குப் புதிய பதிப்பு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய நம்பைக்குப் போகலாம்:

பிப் இன்ஸ்டால் "நம்பை<2"

மேற்கோள் குறி கட்டாயம். விட்டுவிட்டால் ஷெல் (டெர்மினலில் நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரல்) அந்த < குறியைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு 2 என்ற பெயரில் ஒரு ஃபைலைத் தேடப் போய்விடும்.

எல்லாம் ஓடும் நிலையில் இருக்கும்போதே 'பிப் ஃப்ரீஸ் > ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்று ஒரு பட்டியல் எடுத்து வையுங்கள். வேறு கம்ப்யூட்டருக்குப் போகும்போது என்வ் ஃபோல்டரைக் காப்பி செய்ய வேண்டாம், அதற்குள் பழைய இடத்தின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருப்பதால் புது இடத்தில் தகராறு செய்யும். அங்கே புதுச் சூழல் போட்டு, ஆக்டிவேட் செய்து, 'பிப் இன்ஸ்டால் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்று தட்டினால் அதே பதிப்புகள் வந்து உட்கார்ந்துவிடும்.