மார்ச் குளிரில் வுட்காக் விழுந்து கிடந்தால்

ரொறொன்ரோவில் புல் பச்சையாகும் முன்பே, மார்ச் நடுப்பகுதியில் வந்து இறங்கும் பறவை வுட்காக். உள்ளான் குடும்பம், சருகு நிறம், ஆறேழு சென்ரிமீற்றர் நீள அலகு. இரவில் பறந்து வருவது, நகர வெளிச்சத்தில் திசைகெட்டுக் கண்ணாடியில் மோதி நடைபாதையில் குந்தியிருக்கும்.

1. முதலில் பெட்டி. மூடியுள்ள அட்டைப்பெட்டி, குறைந்தது 35 சென்ரிமீற்றர் நீளம். சப்பாத்துப் பெட்டி வேண்டாம், அலகு சுவரில் முட்டும். கம்பிக்கூடு வேண்டவே வேண்டாம், இறகு முறியும். காற்றுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்துங்கள். அடியில் பழைய பருத்திச் சட்டை விரியுங்கள். துவாய் நூலில் நகம் சிக்கும்.

2. பிடிப்பது. பின்னால் பதுங்கிப் போய்ப் பயனில்லை. கண்கள் தலையில் பின்தள்ளி இருப்பதால் அதற்கு முதுகுப்பக்கமும் தெரியும். வீதிப் பக்கம் நீங்கள் நின்று, மெல்லிய துணியை ஒரே வீச்சில் போர்த்துங்கள். இரு சிறகும் உடலோடு ஒட்ட அள்ளுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள்: மூச்சிழுக்க நமக்கு உதவும் உதரவிதானத் தசை பறவைக்கு இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிப் பிடித்தாலே மூச்சடைத்துச் சாகும்.

3. சூடு. வெதுவெதுப்பான நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் பறவை மறுபாதிக்கு விலக இடம் வேண்டும்.

4. தீனி, தண்ணீர் எதுவும் வேண்டாம். பலர் தவறுவது இங்கேதான். நிலம் உறைந்திருப்பதால் மண்புழு கிடைக்காமல் மெலிந்திருக்கும். நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல் கையில் தட்டும். பார்த்தால் மனம் கேட்காது. ஆனால் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால், சொட்டு விடும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். குளிர்ந்த உடலுக்குத் தீனி செரிக்காது. பாணும் பாலும் எந்த நிலையிலும் கூடாது.

5. பெட்டியை மூடி, இருட்டில் வைத்து, உடனே காட்டுயிர்களுக்குச் சிகிச்சை தரும் ரொறொன்ரோ வைல்ட்லைஃப் சென்டரையோ, 1993 முதல் கண்ணாடியில் மோதிய பறவைகளை மீட்கும் ஃபிளாப் கனடாவையோ அழையுங்கள். கொண்டுபோகும்போது காரில் வானொலி வேண்டாம். கண்டெடுத்த முகவரி, நேரம், கட்டடத்தின் எந்தப் பக்கம் என்பதைப் பெட்டி மேல் எழுதுங்கள்.

உடலை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி நடப்பது வுட்காக்கின் இயல்பு. அது தலைக்காயம் அல்ல. ஒரு கண் வீங்கி மூடியிருப்பது, தலை ஒருபக்கம் சாய்வது, இவைதான் காயம். பெட்டிக்குள் படபடத்தால் தேறிவிட்டது என்று திறந்துவிடாதீர்கள். மூளை வீக்கம் சில மணி நேரம் கழித்தும் கூடும்.

பின்சேர்க்கை: பூனை கவ்விய பறவையில் காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருந்து வேண்டும். தொலைபேசியில் முதல் வார்த்தையாகப் பூனை என்று சொல்லுங்கள்.